வாசகர் கேள்வி – பதில்: ஊருக்கு ஒரு நீச்சல் குளம், காசு யார் தருவது?

பொது நீச்சல் குளத்துக்கு அரசுப் பணம் வாங்குவது பற்றியும், கட்டிய குளத்தை நடத்துவது பற்றியும் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். உள்ளாட்சிக் கட்டுமானத்திலும் குளப் பராமரிப்பிலும் பழக்கமுள்ளவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பேரூராட்சியில் நீச்சல் குளம் கட்ட அரசு எந்தத் திட்டத்தில் பணம் தரும்? மனுவை யாரிடம் கொடுப்பது?
– வாசகர், கானாடுகாத்தான்

ஒரே இடத்தில் மனுப் போட்டு மொத்தமாக வாங்கி வரக்கூடிய பணம் இல்லை இது. நாலைந்து பைகளிலிருந்து சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பைக்கும் ஒரு முடிச்சு உண்டு.

முதலில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதி அரசு வரையறுத்த பணிகளுக்கே போய்விடும். மிச்சத்தில் பள்ளிக் கட்டடம், சாலை, நிழற்குடை என்று தொகுதி முழுவதும் வரிசையில் நிற்கும். ஒரே ஊருக்கு ஒரே ஆண்டில் ஒரு கோடி கேட்டால் கிடைக்காது. முதல் ஆண்டில் சுற்றுச்சுவரும் உடை மாற்றும் அறையும், அடுத்த ஆண்டில் குளம் என்று பிரித்துக் கேட்பவர்களுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. 1993 முதல் நடக்கிறது. இப்போது ஆண்டுக்கு 5 கோடி. உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் அனுமதிப்பார். தொகையில் 15 விழுக்காடு ஆதிதிராவிடர் பகுதிகளுக்கும் 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்கப்பட வேண்டும். நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துக்குத்தான் இந்தப் பணம். சம்பளம், மின் கட்டணம், குளோரின் இவற்றுக்கு ஒரு ரூபாய்கூட இதில் தொட முடியாது.

மூன்றாவது 'நமக்கு நாமே'. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். புள்ளிக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி போட்டு வசூலித்துப் பழகிய நம் ஊர்களுக்கு இதைவிடத் தோதான திட்டம் இல்லை. பங்களிப்பை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். 'வேலை ஆரம்பிக்கட்டும், அப்புறம் தருகிறோம்' என்பது செல்லாது. குளத்தை மட்டும் தனியாகக் கேட்காமல், பூங்காவோ விளையாட்டுத் திடலோ அமைந்த வளாகத்தின் ஒரு பகுதியாக வரைபடத்தில் காட்டுங்கள்.

நான்காவது விளையாட்டுத் துறைப் பணம். மத்திய அரசின் 'கேலோ இந்தியா'வில் விளையாட்டுக் கட்டமைப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. அதற்கு ஊரிலிருந்து நேராக மனுப் போட்டால் போய்ச் சேராது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வழியாகத்தான் போக வேண்டும். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரைப் பார்த்தால் அவர் படிவம் தருவார். முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கத் திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அரங்கம் ஒன்றுக்கு 3 கோடி என்ற அளவில் ஓடுதளம், ஆடுகளங்களுக்கானது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேரூராட்சி மன்றத் தீர்மானமும், நிலத்தின் 'அ' பதிவேடு நகலும், புலப்படமும் கையில் இருக்க வேண்டும். நிலம் இன்னாருடையது என்று காகிதம் காட்டாத மனு எந்த மேசையையும் தாண்டாது.

ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்தில் குளம் கட்டலாமா?
– வாசகர், கீழச்சிவல்பட்டி

15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. மீதி 40-ல்தான் ஊர் விருப்பம். அந்த 40-லும் சம்பளமோ நிர்வாகச் செலவோ எழுதக் கூடாது. சிறிய ஊராட்சிக்கு அந்த 40 விழுக்காடு சுற்றுச்சுவருக்குத்தான் காணும்.

எங்கள் ஊரணி கிணறு போல ஆழமாக, நாலு பக்கமும் படிக்கட்டோடு இருக்கிறது. தரையில் கான்கிரீட் போட்டு அதையே நீச்சல் குளமாக்கிவிட்டால் செலவு பாதியாகுமே?
– வாசகர், நெற்குப்பை

ஆகாது. சட்டமும் விடாது, தண்ணீரும் விடாது.

ஊரணி பெரும்பாலும் வருவாய்ப் பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு. நீர்நிலையை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லும் 2011-லும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஏரி, குளங்களைக் காக்க 2007-ல் தனிச் சட்டமே வந்தது. கோயிலுக்கோ நகரத்தார் அறக்கட்டளைக்கோ சொந்தமான ஊரணி என்றால் பதிவேட்டில் வேறு மாதிரி இருக்கலாம். ஆனாலும் அடியில் கான்கிரீட் போட்டதும் சுற்றுக் கிணறுகளுக்கு ஊறும் நீர் நின்றுபோகும். ஊரே சண்டைக்கு வரும், வர வேண்டியதும்தான்.

தண்ணீர்க் கணக்கும் உதைக்கும். 40 மீட்டருக்கு 40 மீட்டர், இரண்டு மீட்டர் ஆழம் என்றால் 32 லட்சம் லிட்டர். இவ்வளவையும் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஃபில்டரில் சுற்றவிட எந்தப் பேரூராட்சியிடமும் பம்ப் கிடையாது. சுற்றவிடாத நீரில் குளோரின் போடுவது வீண். தெருவும் மரமும் கொட்டுகிற மண்ணும் இலையும் அதைத் தின்றுவிடும்.

ஊரணியை ஊரணியாகவே வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க வேறு வழி உண்டு. வங்கதேசத்தில் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஊர்க் குளங்களிலேயே மூங்கில் மேடை இறக்கிக் கற்றுத் தருகிறார்கள். நீருக்கடியில் மூங்கில் தரை, நாலு பக்கமும் மூங்கில் வேலி. பிள்ளை நின்றால் நீர் மார்புக்கு மேல் ஏறாது. வேலியைத் தாண்டி ஆழத்துக்குப் போகவும் முடியாது. நம் பக்கம் சவுக்குக் கம்பு எளிதாகக் கிடைக்கும். தூண்களுக்கு அது போதும். தரைக்கு மூங்கில் பிளாச்சு, இடைவெளி ஒரு அங்குலத்துக்குள். அதற்கு மேல் விட்டால் சின்னப் பிள்ளையின் கால் மாட்டிக்கொள்ளும். கட்டுக் கம்பி வேண்டாம், துருப்பிடித்துக் குத்தும். நைலான் கயிறு போடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாக் கட்டுகளையும் பிரித்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

குடிநீர் ஊரணியில் இதைச் செய்யக் கூடாது. அங்கே கால் நனைப்பதே நம் ஊர் வழக்கமில்லை. சாக்கடை சேரும் ஊரணி, மாடு குளிப்பாட்டும் ஊரணி இரண்டும் தள்ளுபடி. சித்திரை, வைகாசியில் நீர் வற்றிச் சூடேறிக் கிடக்கும்போது நிறுத்திவிட வேண்டும். அந்த நீர் மூக்கில் ஏறினால் அமீபா மூளைக்காய்ச்சல் அபாயம் இருக்கிறது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் இதில் உயிர்ப்பலி நேர்ந்திருக்கிறது. மழை ஓய்ந்த தை, மாசி நல்ல காலம்.

ஊரணியைத் தூர்வாரவும் கரை கட்டவும் பணம் வேண்டுமென்றால் நகரப் பகுதிக்கு மத்திய அரசின் அம்ருத் 2.0, மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இரண்டிலும் நீர்நிலைச் சீரமைப்பு இருக்கிறது.

எவ்வளவு பெரிய குளம் கட்டலாம்? 'ஒலிம்பிக் அளவு' வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் கோடையில் குடிதண்ணீருக்கே லாரிதான்.
– வாசகர், பள்ளத்தூர்

ஒலிம்பிக் அளவு என்றால் 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். இரண்டு மீட்டர் ஆழத்துக்கு 25 லட்சம் லிட்டர். அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

பலரும் கேட்பது 25-க்கு 12.5 மீட்டர். சராசரி ஆழம் 1.2 மீட்டர் வைத்தால் 3,75,000 லிட்டர். ஐந்து மணி நேரத்தில் ஒரு சுற்று என்றால் மணிக்கு 75,000 லிட்டர் ஃபில்டர் வழியே போக வேண்டும். ஒரு சதுர மீட்டர் மணல் பரப்பு மணிக்கு 25,000 லிட்டர் தாங்கும் என்று கணக்கிட்டால் மூன்று சதுர மீட்டர் வேண்டும், அதாவது 1.4 மீட்டர் விட்டமுள்ள ஃபில்டர் இரண்டு. பம்ப் ஏழரை குதிரைத்திறன், கூடவே இன்னொன்று மாற்றுக்கு. ஒரு நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 60 யூனிட் மின்சாரம்.

இனி தண்ணீர். நம் வெயிலில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். 312 சதுர மீட்டர் பரப்பில் அது சுமார் 1,900 லிட்டர். மாதத்துக்கு 56,000. ஃபில்டரைப் பின்னோட்டமாகக் கழுவ ஒரு முறைக்கு ஒரு ஃபில்டருக்கு 5,000 லிட்டர். இரண்டையும் வாரம் ஒரு முறை கழுவினால் மாதம் 40,000. ஆட்கள் மேலோடு கொண்டுபோவது, தெறிப்பது எல்லாம் சேர்த்தால் மாதத்துக்கு ஒன்றேகால் லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பத்துக்கு மேல். இது புதிதாக நிரப்பும் நீர் அல்ல, குறைவதை ஈடுகட்ட மட்டும். கானல் அடிக்கிற மே மாதத்தில் குடிக்க லாரி வராத தெருவழியாக நீச்சல் குளத்துக்கு லாரி போனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பத்தாயிரத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊருக்கு எங்கள் பரிந்துரை பயிற்சிக் குளம்தான். 12.5 மீட்டருக்கு 6 மீட்டர், ஆழம் ஒரு பக்கம் 80 சென்டிமீட்டர், மறு பக்கம் ஒரு மீட்டர். மொத்தம் 67,500 லிட்டர். இரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர் ஃபில்டர் ஒன்றே போதும். ஆவி நஷ்டம் நாளுக்கு 450 லிட்டர். இராத்திரி நெகிழிப் போர்வை போர்த்தினால் இன்னும் குறையும். மேலே தகரக் கூரை போட்டால் குளோரினும் மிச்சம், இலையும் விழாது. அந்தக் கூரை 150 சதுர மீட்டர் என்றால் ஐப்பசியில் 100 மில்லிமீட்டர் மழைக்கு 15,000 லிட்டர் தொட்டியில் சேரும்.

பிள்ளைகள் மூழ்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள ஒரு மீட்டர் ஆழம் தாராளம். போட்டிக்குத் தயாராகிறவர்கள் மதுரைக்குப் போகட்டும். வருத்தமான பதில்தான், ஆனால் மூடிக் கிடக்கும் 25 மீட்டரைவிட ஓடுகிற 12.5 மேல்.

லண்டனில் இருக்கும் என் மகன், அங்கே அரசே நீச்சல் குளங்களுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தது என்கிறான். இங்கே ஏன் அப்படி இல்லை?
– வாசகி, காரைக்குடி

உங்கள் மகன் சொல்வது சரி. இங்கிலாந்தில் 2023 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் பொது நீச்சல் குளங்களுக்காக 63 மில்லியன் பவுண்டு ஒதுக்கினார்கள். ஆனால் அது எதற்கு என்று பாருங்கள். புதுக் குளம் கட்ட அல்ல. 20 மில்லியன், மின்சாரம், எரிவாயு, குளோரின் விலையேற்றத்தில் மூடவிருந்த குளங்களைத் தாங்கிப் பிடிக்க. மீதியில் பெரும்பங்கு போர்வை, சூரியத் தகடு, நல்ல பம்ப் என்று செலவைக் குறைக்கும் சாமான்களுக்கு. அங்கேயும் கட்டுவது கஷ்டமில்லை, ஓட்டுவதுதான் கஷ்டம் என்பது தெரிகிறதல்லவா?

நமக்குத் தண்ணீரைச் சூடாக்கும் செலவு இல்லை. அது பெரிய லாபம். ஆனால் ஓட்டுகிற செலவுக்கு மேலே சொன்ன எந்தத் திட்டமும் பணம் தராது. அது உள்ளாட்சியின் பொது நிதியிலிருந்தோ, நுழைவுக் கட்டணத்திலிருந்தோ, வைப்புத்தொகை வட்டியிலிருந்தோதான் வர வேண்டும்.

ஒரு கணக்கு: மாதச் செலவு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 40 ரூபாய் என்றால் 3,000 வருகை வேண்டும். 25 நாள் திறந்தால் நாளுக்கு 120 பேர். மே மாதத்தில் வருவார்கள். கார்த்திகை மழையில்? 30 லட்சம் வைப்பில் போட்டு 7 விழுக்காடு வட்டி வந்தால் மாதம் 17,500. ஓர் உயிர்க்காப்பாளர் சம்பளம் அதில் தேறும். குளத்துக்குப் பெயர் வைக்க ஆசைப்படும் கொடையாளியிடம் கல்வெட்டுக்குப் பதில் இந்த வைப்புத்தொகையைக் கேளுங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் பங்காளிகள் பணம் தரத் தயார். இடமும் எங்கள் பூர்வீக மனைதான், காலியாகக் கிடக்கிறது. என்ன முறை?
– வாசகர், புதுவயல்

முதலில் பணம். அனுப்புகிறவர் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து முறையான வங்கி வழியில் உங்கள் அறக்கட்டளைக்குத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமையோ மலேசியக் குடியுரிமையோ வாங்கிவிட்டால், அவர் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அறக்கட்டளைக்கு அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். பணம் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். பதிவில்லாமல் ஊர்க் கணக்கில் வாங்கிவிட்டுப் பிறகு சரிசெய்வது நடக்காது. அப்படிப்பட்ட உறவினரிடம் அன்பளிப்பாக வாங்கித் தங்கள் பெயரில் கொடுக்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். ஆடிட்டரைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

அடுத்து மனை. இங்கேதான் நம் பக்கத்துக் காரியங்கள் பத்து வருடம் தூங்கும். பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பவர் எழுதிக் கொடுத்தால் அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஒரு பங்காளியின் வாரிசு பெயர் விட்டுப்போனாலும் தானப் பத்திரம் ஓட்டை. தானம் உள்ளாட்சியின் பெயரில் இருக்க வேண்டும், தலைவரின் பெயரில் அல்ல. உள்ளாட்சி பெயருக்குப் பட்டா மாறிய பிறகே 'நமக்கு நாமே' மனுப் போடுங்கள். அறக்கட்டளை பெயரிலேயே மனையை வைத்துக்கொண்டு அரசுப் பணம் கேட்டால் இழுபறிதான்.

உள்நாட்டு நிறுவனங்களிடமும் கேட்கலாம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளில் பயிற்சி தருவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. கட்டடத்துக்குக் கேட்பதைவிடப் பயிற்சியாளர் சம்பளத்துக்குக் கேட்பது இங்கே எடுபடும். வாங்கும் அறக்கட்டளை கம்பெனி விவகார அமைச்சகத்தில் 'சி.எஸ்.ஆர்.-1' பதிவு வைத்திருக்க வேண்டும்.

குளத்தின் உள்ளே ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா? ஊர் அடையாளமாக இருக்குமே.
– வாசகர், ஆத்தங்குடி

வேண்டாம். அது சிமென்ட் கல், நீரை உறிஞ்சும். குளம் கழுவ அமிலம் தொட்ட அன்றே பூ மங்கிவிடும். ஈரத்தில் வழுக்கவும் செய்யும். உள்ளே நீர் உறிஞ்சாத மெருகு ஓடோ கண்ணாடி மொசைக்கோதான். ஆத்தங்குடியைச் சீட்டு கொடுக்கும் அறையில் போடுங்கள், நூறு வருடம் நிற்கும்.

எங்கள் குளத்தில் குளோரின் போட்டதும் தண்ணீர் தேயிலைச் சாயமாகிவிடுகிறது. குறைத்துப் போட்டால் கண் எரிகிறது என்கிறார்கள். கூட்டுவதா குறைப்பதா?
– குளப் பராமரிப்பாளர், கண்டனூர்

இரண்டும் இரண்டு நோய்.

சாயம் இரும்பால் வருவது. செம்புரான் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர் நீரில் இரும்பு கரைந்திருக்கும். எடுக்கும்போது பளிங்காகத்தான் தெரியும். குளோரின் பட்டதும் துருவாகிப் பிரிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே நிறம் காட்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைக் கொடுத்து இரும்பு, கடினத்தன்மை, உப்பு மூன்றும் பார்த்து வாருங்கள். போர் நீரை நேரே குளத்தில் விடாதீர்கள். முதலில் தொட்டியில், மேலிருந்து சல்லடைக் குழாய் வழியாகத் தூறலாக விழவிடுங்கள். அங்கேயே குளோரின் போட்டு, ஆயிரம் லிட்டருக்கு 20–30 கிராம் படிகாரம் கரைத்து ஓர் இரவு தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் எடுங்கள். படிகாரம் பி.எச். (அமில–கார) அளவை இறக்கும், சோடா உப்புப் போட்டு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கண் எரிச்சல் பெரும்பாலும் குளோரின் கூடியதால் வருவதில்லை, குறைந்ததால் வருகிறது. வியர்வை, சிறுநீர் இவற்றோடு சேர்ந்து செத்துப்போன குளோரின்தான் மூக்கைத் துளைக்கும், கண்ணைக் கரிக்கும். வாசம் பலமாக அடித்தால் குறைக்காதீர்கள். டி.பி.டி. மாத்திரைச் சோதனைப் பெட்டியில் தனிக் குளோரின், மொத்தக் குளோரின் இரண்டையும் பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்து மொத்தத்தை மட்டுமே சொல்லும், ஏமாற்றும். இரண்டின் வித்தியாசம் 0.5 பி.பி.எம்.-க்கு (லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு) மேல் போனால், அந்த வித்தியாசத்தைப் போல் பத்து மடங்கு குளோரினை இரவில், ஆள் இல்லாதபோது போட்டு, பம்பை ஓடவிட்டு, மறுநாள் அளவு 3-க்குக் கீழ் இறங்கிய பிறகே ஆளை விட வேண்டும்.

அளவு சூத்திரம் சுலபம். ஒரு லட்சம் லிட்டரில் ஒரு பி.பி.எம். ஏற்ற 100 கிராம் சுத்தக் குளோரின். 65 விழுக்காட்டுத் தூள் என்றால் சுமார் 150 கிராம். 30 விழுக்காட்டுச் சாதாரண பிளீச்சிங் பவுடர் என்றால் 330 கிராம். பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்து மூன்று மாதம் வைத்தால் 30 என்பது 15 ஆகியிருக்கலாம், சுண்ணாம்பும் ஃபில்டரில் அடைக்கும்.

எப்போதும் 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.8. பி.எச். 8-ஐத் தொட்டால் போட்ட குளோரினில் கால் பங்குகூட வேலை செய்யாது. கூரையில்லாத குளத்தில் வெயில் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சயனூரிக் அமிலம் 30–50 பி.பி.எம். இருந்தால் நிற்கும். அமிலத்தையும் குளோரின் தூளையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும். குச்சி வடிவ டிரைகுளோர் மாத்திரையையும் 65 விழுக்காட்டுத் தூளையும் ஒரே வாளியில் கலந்தால் தீப்பிடிக்கும்.

மழைக்காலத்தில் யாரும் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குளத்தை வடித்துக் காயப்போட்டால் பராமரிப்பு மிச்சம் அல்லவா?
– வாசகர், ராயவரம்

செய்யவே கூடாத வேலை. அடைமழையில் நிலத்தடி நீர் ஏறி, குளத்துத் தரைக்கு ஒரு மீட்டர் மேலே நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் விசை மேலே தள்ளும். 20 சென்டிமீட்டர் கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்கு அரை டன்தான். உள்ளே நீர் இருக்கும்வரை அது அழுத்திப் பிடிக்கும். வடித்துவிட்டால் தரை வெடிக்கும், அல்லது குளமே மிதந்து ஒரு பக்கம் தூக்கும். நீரை விட்டுவையுங்கள். பம்ப் நாளுக்கு மூன்று மணி நேரம், குளோரின் குறைந்த அளவு, போர்வை. பழுதுக்காக வடிக்க வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை. கட்டும்போதே தரையில் அழுத்தம் விடும் வால்வு வைக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

பின்னோட்டக் கழிவு நீரை ஊரணியிலோ கண்மாயிலோ விடாதீர்கள், மீன் செத்து மிதக்கும். ஒரு குழியில் இரண்டு நாள் வெயிலில் நிற்கவிட்டால் குளோரின் போய்விடும். பிறகு தென்னைக்குப் பாய்ச்சலாம்.

பெண்களுக்குத் தனி நேரம் என்று பலகை வைத்துவிட்டு, ஆள் இல்லை என்று பூட்டிவைக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, தேவகோட்டை

நேரத்தைக் கேட்காதீர்கள், பணியிடத்தைக் கேளுங்கள். பெண் உயிர்க்காப்பாளர், பெண் பயிற்சியாளர் இருவரும் ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாத நாளுக்கு ஒப்பந்தக்காரருக்குப் பிடித்தம் இவ்வளவு என்றும் எழுத வேண்டும். அது இல்லாத பலகை வெறும் பலகை. மாலை 4 மணி பெரும்பாலான வீட்டுப் பெண்களுக்கு ஆகாது. காலை 10 முதல் 12 கேட்டுப் பாருங்கள், அந்த நேரம் குளம் சும்மாதான் கிடக்கும். உடை மாற்றும் அறைக்கு மேல் கூரை இருக்கிறதா, பக்கத்து மாடியிலிருந்து குளம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உடை: முழுக்கை, முழுக்கால் நைலான் அல்லது பாலியஸ்டர் நீச்சலுடை தாராளமாக அனுமதிக்க வேண்டும். பருத்திச் சுடிதார் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நனைந்தால் கனத்து இழுக்கும், நூல் பிசிறு பம்பின் கூடையை அடைக்கும், சாயம் போகும். துப்பட்டாவோடு இறங்கவே கூடாது. தலைமுடிக்கு ரப்பர் தொப்பி.

டெண்டரில் எதை விட்டுவிடுவார்கள்? எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் சிவகங்கை எம்.பி. தொகுதி என்கிறார்களே, மனு எங்கே போகும்?
– வாசகர், பொன்னமராவதி

உங்கள் ஊர் அடங்கிய திருமயம் சட்டமன்றத் தொகுதி சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. ஆகவே பரிந்துரைக் கடிதம் சிவகங்கை உறுப்பினரிடம்; பணியை நடத்துவது உங்கள் மாவட்ட நிர்வாகம்.

டெண்டரில் விடுபடுபவை: மாற்று பம்ப், வழிந்தோடும் நீரைப் பிடிக்கும் சமன் தொட்டி, பின்னோட்டக் குழி, மும்முனை மின் இணைப்புக் கட்டணம், 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான், குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உள்வேலியும் தானாக மூடும் கதவும், குளிக்கும் ஷவர், சோதனைப் பெட்டி. மீட்புச் சாமான்களை யாரும் எழுதுவதில்லை. கயிறு கட்டிய மிதவை வளையம் இரண்டு, நீண்ட கொக்கிக் கம்பு ஒன்று, முதுகெலும்புப் பலகை ஒன்று கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள்: தரையில் நீர் உறிஞ்சும் வடிகால் துளை. ஒரே ஒரு துளை இருந்தால் பணத்தைக் கொடுக்க விடாதீர்கள். பிள்ளையின் வயிறோ முடியோ அதன் மேல் ஒட்டிக்கொண்டால் பம்ப் விடாது. பெரியவர் இழுத்தாலும் வராது. குறைந்தது இரண்டு துளை, ஒரு மீட்டர் இடைவெளி, புடைத்த சல்லடை மூடி, திருகாணி நாலும் இறுக்கமாக. மூடி ஒன்று உடைந்தால் அன்றே குளத்தை மூட வேண்டும்.

கட்டுமானத்துக்கு ஐ.எஸ். 3370 என்று மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் தாங்கும் கான்கிரீட்டுக்கான தரம் அது. பூசுவதற்கு முன் குளத்தை நிரப்பி ஏழு நாள் விட்டு நீர்மட்டம் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளியில் நீர் வைத்து, வாளியில் குறைந்ததைக் கழித்துப் பார்த்தால் ஆவியா, கசிவா என்று தெரிந்துவிடும். ஓடு பதித்த பிறகு கசிவு தேடுவது முடியாத காரியம்.

கிராம சபையில் தீர்மானம் எப்படி எழுதுவது?
– வாசகர், குன்றக்குடி

'நீச்சல் குளம் அமைக்க வேண்டுமென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்ற ஒரு வரி எதற்கும் உதவாது. சர்வே எண், பரப்பு, குளத்தின் அளவு, நீர் எங்கிருந்து, ஆண்டுப் பராமரிப்புச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து என்ற ஆறும் இருக்க வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று நீச்சல் குளத்துக்கு நீர் கேட்டால் எதிர்ப்பு நிச்சயம், மே 1-க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலமானால் அவர் கையொப்பமிட்ட நகலை வாங்குங்கள்.

டைவிங் பலகை ஒன்று வைத்தால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்களே?
– வாசகர், காரைக்குடி

ஒரு மீட்டர் உயரப் பலகைக்கே கீழே மூன்று மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். 1.2 மீட்டர் குளத்தில் தலைகீழாகக் குதித்தால் கழுத்து முறியும். பலகைக்கு ஒதுக்கிய காசில் 'குதிக்காதே' என்று ஓரக் கல்லில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்பில் எழுதி, பக்கத்தில் ஆழத்தையும் எழுதிவிடுங்கள்.